அப்பா, நான், ஒரு பூசணம்

"எடவப்பாதி தொடங்கியாச்சு மக்ளே. செருப்பெல்லாம் பூத்துப் போச்சு" என்று அம்மா போன வாரம் போனில் சொன்னாள்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: மலையாள எடவ மாதத்தின் பாதியில், அதாவது ஜூன் மாதப் பிறப்பை ஒட்டி இறங்கும் தென்மேற்குப் பருவமழைதான் எடவப்பாதி. பூப்பது என்றால் பூசணம் பூப்பது. எங்கள் ஊரில் அந்த இரண்டு மாதமும் பூக்காத பொருளே கிடையாது. தோல் பெல்ட், புட்டு மாவு, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் அட்டை, என்னுடைய பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் வைத்த ரெக்ஸின் பை, எல்லாம் பூக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது பூசணம் என்ற வார்த்தை வந்தால் ஒரு நொடி எல்லோரும் பேச்சை நிறுத்துகிறோம். அம்மாவும் நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். பிறகு அவள், "அப்பாவுக்கு இன்னைக்கு வெறும் வயித்துல 118" என்று சர்க்கரைக் கணக்கைச் சொல்லிப் பேச்சை மாற்றினாள்.

நாலு வருஷத்துக்கு மேலாக இதை எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் போனிலேயே வைத்தியம் பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகவாவது எழுதிவிடுகிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே நியூஜெர்சியில் நான் பூசணம் எண்ணிச் சம்பளம் வாங்குகிறவன். விளையாட்டில்லை. ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி கண்ட்ரோல். மருந்து நிரப்பும் அறைகளில் அங்கங்கே சத்துக்கூழ் ஊற்றிய பெட்ரி தட்டுகளைத் திறந்து வைப்போம். காற்றில் மிதக்கும் கிருமிகள் அதில் விழும். தட்டை மூடி, இளஞ்சூட்டில் சில நாள் வைத்தால் விழுந்தவை வளர்ந்து புள்ளி புள்ளியாகத் தெரியும். எத்தனை புள்ளி, என்ன ஜாதி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதில் எங்களுக்கெல்லாம் பிடிக்காத ஒன்று உண்டு. ரைசோபஸ். பழைய ரொட்டியில் பஞ்சு மாதிரி வெள்ளையாகக் கிளம்பி, பிறகு சாம்பலும் கறுப்புமாகப் பொடி தூவுமே, அதுதான். மற்ற பூஞ்சைகள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஒரு காசு அளவுக்கு வளரும்போது, இது ஒன்றிரண்டு நாளில் தட்டு முழுக்க நிறைந்து மூடியை முட்டிக்கொண்டு நிற்கும். 'மூடி தூக்கி' என்றே இதற்கு ஆங்கிலத்தில் பட்டப்பெயர். பதினாறு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தூரத்தில் இருந்தே அடையாளம் சொல்வேன்.

இனி கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிவிட்டு வருகிறேன்.

எனக்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் ஒரு பூசண நிபுணர் இருந்தார். அப்பாதான். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். பிழைப்புக்காகத் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு கொப்பரை மண்டியில் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்தவர். மழைக்காலத்தில் மூட்டையைப் பிரித்து, ஒரு கொப்பரையை ஒடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பச்சையாகப் பூத்திருந்தால், "தொடச்சு எடுத்துரலாம், மேலதான் கெடக்கு" என்பார். கறுத்திருந்தால் தனியே ஒதுக்குவார். "கறுப்புன்னா உள்ள எறங்கியாச்சு மக்கா. ஈரம் அதிகம். இனி தொடச்சுப் பிரயோஜனம் இல்ல."

அவர் விலை போட்டால் மண்டிக்காரரும் விற்க வந்தவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

2021 ஏப்ரல் கடைசி வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல். இரண்டாம் அலை. பரிசோதனையில் கொரோனா என்று வந்தது. வயது 69. சர்க்கரை இருபது வருஷத்துப் பழக்கம், தினம் இரண்டு வேளை மாத்திரை. வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். அக்கா நாகர்கோவிலில். எழுபது கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் களியக்காவிளையில் பாஸ் இல்லாமல் தாண்ட முடியாது, அத்தானுக்கும் காய்ச்சல். எனக்கோ விசா பக்கம் இடி. மே 4 முதல் இந்தியாவில் இருந்து வருபவர்களுக்கு அமெரிக்கா கதவைச் சாத்தியது. பாஸ்போர்ட்டில் என் எச்1பி முத்திரை காலாவதி. போனால் எப்போது திரும்புவேன் என்று தெரியாது. வேலை, வீட்டுக் கடன், ஆறாம் வகுப்புப் படிக்கும் பையன். போகவில்லை.

போகாதவன் என்ன செய்வான்? போன் செய்வான். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை.

போனில் பார்த்த டாக்டர் காய்ச்சல் மாத்திரையும் ஓய்வும் போதும் என்றார். ஆக்சிஜன் 97 இருக்கிறது, 94-க்குக் கீழே போனால் கூப்பிடுங்கள், ஸ்டீராய்டு இப்போது வேண்டாம் என்று தெளிவாகவே சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. 2020 ஜூனில் இங்கிலாந்தில் இருந்து வந்த ஆராய்ச்சி முடிவு ஞாபகம் இருந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய மலிவான ஸ்டீராய்டு கொரோனா சாவுகளைக் குறைக்கிறது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருப்பவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, ஆக்சிஜன் வைத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு.

அதே முடிவில் அடுத்த வரி ஒன்று உண்டு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் பலன் இல்லை. அந்த வரியை நான் அப்போதே படித்திருக்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, எட்டாயிரம் மைலுக்கு அப்பால் அப்பா இருமுகிற சத்தம் காதில் கேட்கும்போது அந்த வரி ஞாபகத்துக்கு வரவில்லை. வேலையில் அடிக்குறிப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா விஷயத்தில் அதைத்தான் செய்தேன்.

தெரிந்த மருந்துக்கடை ஒன்றில் சொல்லி மாத்திரையை வீட்டு வாசலில் வைக்கச் சொன்னேன். பத்து நாள் முடிந்தும் இருமல் நிற்கவில்லை என்று இன்னொரு ஐந்து நாள் நீட்டினேன். டாக்டரிடம் கேட்கவில்லை.

அப்பா ஜம்மென்று ஆகிவிட்டார். காய்ச்சல் போனது, பசி வந்தது. "சக்கப்பழம் திங்காரு" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். சர்க்கரை பார்க்கும் மெஷினுக்கு ஸ்ட்ரிப் தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆக்சிஜன் எவ்வளவு என்று எழுபது தடவை கேட்டிருப்பேன். சர்க்கரை எவ்வளவு என்று ஒரு தடவை கேட்கவில்லை.

மே 15 வாக்கில் இடது கன்னத்தில் வலி. பல் வலி என்றார். மறுநாள் கன்னம் மரத்துவிட்டது, மூக்கின் ஒரு பக்கம் அடைப்பு. 16-ம் தேதி நள்ளிரவு முதல் திருவனந்தபுரத்தில் மூன்றடுக்கு ஊரடங்கு. 18-ம் தேதி காலை வீடியோவில் அம்மா போனைத் திருப்பி அப்பாவின் வாய்க்குள் டார்ச் அடித்தாள். மேல் அண்ணத்தில், இடது பக்கம், ஒரு எட்டணா அளவுக்குக் கறுப்பு.

கறுப்புன்னா உள்ள எறங்கியாச்சு மக்கா.

அன்றைக்கு மத்தியானமே ஆம்புலன்சில் மெடிக்கல் காலேஜ் போனார்கள். சர்க்கரை 430. மூக்குக்குள் குழாய் விட்டு, கொஞ்சம் சதை எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். அகலமான, ரிப்பன் போல மடங்கிய, குறுக்குச் சுவர் இல்லாத இழைகள், செங்கோணத்தில் கிளை பிரிந்து. அக்கா அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். வளர்ப்புச் சோதனை முடிவு வர இன்னும் சில நாள் ஆனது. அதில் பெயர் இருந்தது. ரைசோபஸ்.

என் மூடி தூக்கி.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எனக்குத் தூக்கம் இல்லை. படித்தேன். ரொட்டியிலும் கொப்பரையிலும் வளர்கிற ஒன்று, என் அப்பாவுக்குள் எப்படி வளரும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படித்ததை என்னால் முடிந்த தமிழில் சொல்கிறேன்.

பூஞ்சை வகைகள் உலகத்தில் இருபது லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று ஒரு மதிப்பீடு. அதில் மனிதனுக்கு நோய் தருபவை சில நூறுதான். ஏன் இவ்வளவு குறைவு? முதல் காரணம் நம் உடம்புச் சூடு. பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 37 டிகிரி தாங்காது. அவற்றின் புரதங்கள் உருக்குலைந்துவிடும். ஆனால் ரைசோபஸ் குப்பைமேட்டில் வளர்ந்தது. அழுகும் குவியல் தானாகவே சூடேறும் என்று எரு போட்டவர்களுக்குத் தெரியும். 40 டிகிரியைத் தாண்டியும் அது வளரும். சூடு ஏறினால் புரதங்களைத் தாங்கிப் பிடித்து மறுபடி மடித்து வைக்கிற உதவிப் புரதங்களைச் சுரந்துகொள்ளும். ஆக, மற்றவை செத்துப் போகிற வாசலில் இது ஏற்கெனவே பழகிய ஆள் மாதிரி உள்ளே வரும்.

இரண்டாவது தடை, நம் ரத்த வெள்ளை அணுக்கள். பூஞ்சையின் விதைத்தூளை நாம் தினமும் மூச்சில் இழுக்கிறோம். நீங்கள் இதைப் படிக்கும்போதும் இழுத்திருப்பீர்கள். நுரையீரலிலும் மூக்கிலும் காவலுக்கு இருக்கும் பெருவிழுங்கி அணுக்கள் அதைப் பிடித்து விழுங்கும். விழுங்கினால் கதை முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதான் இல்லை. விதைத்தூளின் மேல் மெலனின் பூச்சு இருக்கிறது. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் வகையைச் சேர்ந்ததுதான். அது விழுங்கிய அணுவின் செரிமானத்தைத் தடுத்துவிடுகிறது. விதை சாவதில்லை, அணுவுக்குள்ளேயே தூங்குகிறது. கிரேக்க நாட்டின் கிரீட் தீவைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழு 2018-ல் இதை விவரமாகக் காட்டியது.

அப்படியானால் அது முளைக்காமல் இருப்பது ஏன்? பட்டினி. இரும்புச்சத்துப் பட்டினி. இதுதான் மூன்றாவது தடை, எனக்கு எல்லாவற்றிலும் அதிசயமாகப் பட்டதும் இதுதான். நம் ரத்தத்தில் இரும்பு நிறைய இருக்கிறது, ஆனால் உதிரியாகக் கிடப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் ஒவ்வொன்றையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். கிருமிக்கு ஒரு பருக்கை சிந்தாது. பெருவிழுங்கி அணுவும் தன் வயிற்றுக்குள் இருக்கும் விதைக்கு இரும்பு கிடைக்காமல் பார்த்துக்கொள்ளும். நல்ல உடம்பில் ரைசோபஸ் பட்டினி கிடந்து கிடந்தே ஓய்ந்துவிடும்.

பூஞ்சை சும்மா இருக்குமா? இரும்பைக் கவ்வி எடுக்கும் சின்ன மூலக்கூறுகளைத் தானே செய்து வெளியே அனுப்பும். இரும்பை உள்ளே இழுக்கும் கதவுகளை அதிகமாகத் திறக்கும். போதாதென்றால் மற்றவர்கள் செய்த கவ்வியைத் திருடும். 1980களில் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதிகப்படி இரும்பை நீக்க டெஃபெராக்ஸமீன் என்ற மருந்து கொடுத்தார்கள். அது வேறொரு மண் நுண்ணுயிர் தயாரிக்கும் இரும்புக் கவ்வி. அந்த நோயாளிகள் பலருக்கு இந்தப் பூஞ்சை நோய் வந்தது. நாம் இரும்பை அகற்றக் கொடுத்த கரண்டியில் அது சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

இப்போது சர்க்கரைக்கு வருவோம். சர்க்கரை கட்டுமீறிப் போகும்போது உடம்பு கொழுப்பை எரிக்கிறது. கீட்டோன் அமிலங்கள் சேருகின்றன, ரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது. அமிலம் கூடினால் டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளரும். இரும்பு உதிரும். 1980களின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்த விஷயம். அதோடு முடியவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் அஷ்ரஃப் இப்ராஹிம் என்பவரின் குழு 2010-ல் இன்னொன்றைக் காட்டியது. சர்க்கரையும் இரும்பும் கூடும்போது நம் ரத்தக்குழாய்ச் சுவரில் ஜி.ஆர்.பி.78 என்ற புரதம் அதிகமாக வெளியே தலைகாட்டுகிறது. அந்தப் புரதம் நம் அணுக்கள் நெருக்கடியைச் சமாளிக்கச் செய்துகொள்வது. பூஞ்சையிடம் அதைப் பற்றிக்கொள்ளும் கொக்கி இருக்கிறது. அந்தக் கொக்கி எது என்று 2014-ல் அதே குழு கண்டுபிடித்தது. அதாவது நம் உடம்பு தவிக்கும்போது வெளியே நீட்டுகிற கையைப் பிடித்துக்கொண்டே அது குழாய்க்குள் ஏறுகிறது.

நாலாவது தடை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு. முளைத்து இழை விட்ட பூஞ்சையைச் சுற்றி நின்று, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற காரமான ரசாயனத்தைக் கொட்டும். பூஞ்சை அதைச் செயலிழக்கச் செய்யும் நொதிகளைச் சுரந்து தாக்குப்பிடிக்கப் பார்க்கும். சாதாரண நாளில் நம் அணுக்கள்தான் ஜெயிக்கும். ஆனால் சர்க்கரை கூடினால் நியூட்ரோஃபில் மந்தமாகிவிடும். ஸ்டீராய்டு அதை மேலும் அடக்கும், கூடவே சர்க்கரையை ஏற்றும், பெருவிழுங்கியின் கையையும் கட்டும். மாத்திரை ஒன்றுதான். அது தூக்கிப்போட்ட தடைகள் மூன்று.

ஏன் ரொட்டிப் பூஞ்சைக்கு இவ்வளவு சாமர்த்தியம்? நம்மைத் தாக்க வேண்டும் என்று அது கற்றுக்கொண்டதில்லை. மண்ணில் அதை விழுங்க அமீபாக்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் இரும்புக்குச் சண்டை போடுகின்றன. வெயில், சூடு, விஷம் எல்லாம் உண்டு. அங்கே பழகிய பாடங்களே நம் உடம்புக்குள் கைகொடுக்கின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

மருந்தைக்கூட அது சமாளிக்கும் விதம் இருக்கிறதே! ரைசோபஸின் பங்காளி மியூகோர் என்ற பூஞ்சை. அதை வைத்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் ஸ்பெயின்காரர்களும் சேர்ந்து 2014-ல் ஒன்றைக் கண்டார்கள். பூஞ்சையை அடக்கும் ஒரு மருந்தைப் போட்டபோது சில பூஞ்சைகள் அதையும் மீறி வளர்ந்தன. மரபணுவில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மருந்து வந்து ஒட்டுகிற புரதத்துக்கான மரபணுவை மட்டும் சின்ன ஆர்.என்.ஏ. துணுக்குகளால் வாயடைத்து வைத்திருந்தன. மருந்தை எடுத்ததும், சில தலைமுறைகளில் வாயடைப்பு நீங்கிப் பழையபடி ஆகிவிட்டன. மழை வந்தால் குடை, விட்டால் மடக்கிக் கக்கத்தில். அவ்வளவுதான்.

படிக்கப் படிக்க ஒரு பக்கம் பிரமிப்பு. மறுபக்கம், இது என் அப்பாவின் முகத்துக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு. இரண்டும் சேர்ந்து வந்தால் மனசு என்ன பாடு படும் என்று எழுதத் தெரியவில்லை.

ஊரில் அதற்குள் 'கருப்புப் பூஞ்சை' என்று பேப்பர், டி.வி. எல்லாம் அலறின. உண்மையில் பூஞ்சை கறுப்பில்லை. அது ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். நாம் பார்ப்பது செத்த சதையின் கறுப்பு. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் வெறும் மருந்தில் தீராது, வெட்டி எடுக்க வேண்டும். அப்பா கொப்பரையை ஒதுக்கிய அதே காரணம்.

மே 22 அறுவை சிகிச்சை. இடது மேல்தாடையும் பாதி அண்ணமும் எடுத்தார்கள். கண்ணுக்குக் கீழே வரை போயிருந்தது. கண் தப்பியது. பிறகு ஆம்ஃபோடெரிசின் பி ஊசி, நாலு வாரம். 1950களில் வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து. பூஞ்சையின் தோலில் எர்கோஸ்டெரால் என்று ஒரு கொழுப்பு உண்டு, அதைப் பிடித்து ஓட்டை போடும். ஆனால் சிறுநீரகத்தையும் படுத்தும். அதைக் குறைக்கக் கொழுப்பு உறைக்குள் வைத்த ஊசி இருக்கிறது. நாடு முழுக்க அதற்குத் தட்டுப்பாடு. அரசாங்கம்தான் ஆஸ்பத்திரிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. நான் வேலை செய்வது ஊசி மருந்துத் தொழிற்சாலை. தெரிந்தவர்களிடம் எல்லாம் கெஞ்சினேன், இங்கிருந்து ஒரு குப்பிகூட அனுப்ப முடியவில்லை. தினமும் காலையில் அக்கா பொட்டாசியம், கிரியாட்டினின் என்று இரண்டு எண்களை அனுப்புவாள். அந்த இரண்டு எண்ணை வைத்துத்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்குமா இறங்காதா என்பது.

மே 20 அன்று மத்திய அரசு இதை அறிவிக்க வேண்டிய நோயாக்கும்படி மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. ஜூன் 28 அன்று சுகாதார அமைச்சர் சொன்ன கணக்கு: 40,845 பேருக்கு நோய், 3,129 சாவு. நோய் வந்தவர்களில் 26,187 பேருக்குச் சர்க்கரை. 21,523 பேர் ஸ்டீராய்டு எடுத்தவர்கள். இரண்டாம் அலைக்கு முன்பே, 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, இந்தியாவின் 16 மருத்துவமனைகளில் 287 மியூகோர்மைகோசிஸ் நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அதில் 187 பேர் கொரோனா வந்தவர்கள். தேவையில்லாத இடத்தில், தேவைக்கு மேல் கொடுத்த ஸ்டீராய்டு ஒரு முக்கியக் காரணம் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

அப்பா ஜூன் கடைசியில் வீடு வந்தார். அண்ணத்தில் ஓட்டை. அதை மூட ஒரு தகடு செய்து கொடுத்தார்கள், பல் செட் மாதிரி. அது இல்லாமல் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியே வந்துவிடும். பேச்சு மூக்கால் வந்தது. போனில் முதல் நாள் "மக்கா" என்றது யாரோ கூப்பிட்டது போல இருந்தது. நான் போனை வைத்துவிட்டு கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன்.

விசாவுக்குத் தேதி கிடைத்து நான் ஊர் போனது 2022 ஜூனில். எடவப்பாதி. வீட்டுக்குள் அதே ஈர வாசனை. அப்பா திண்ணையில் பழைய பேரேடுகளைப் பரப்பி வைத்து, துணியால் பூசணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் மாஸ்க். டாக்டர் பூசணம் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். இவர் கேட்கிற ஆளா?

துணியைப் பிடுங்கிக்கொண்டு நான் துடைக்க உட்கார்ந்தேன். ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். அந்த மாத்திரையை டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் கொடுக்கச் சொன்னேன், நீட்டியதும் நான்தான் என்று. அப்பாவுக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"தெரியுமே" என்றார். "டாக்டர் சொன்னப்ப நானும் லைன்ல இருந்தேம்லா?"

"பெறவு ஏன் தின்னீங்க?"

தகட்டை நாக்கால் ஒரு முறை அழுத்திச் சரி செய்துகொண்டார். பேசுவதற்கு முன் அப்படிச் செய்வது பழக்கமாகிவிட்டது.

"நீ நித்தமும் அஞ்சு தரம் கூப்பிட்டு மாத்திரை தின்னாச்சா, மாத்திரை தின்னாச்சான்னு கேட்டுட்டே கெடந்த. அங்க ஒறங்காம கெடக்கான், பிள்ளைக்கு மனசு சமாதானப்படட்டும்னு தின்னேன். அதுல என்ன இருக்கு."

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. அவருக்குக் காய்ச்சல் என்று நான் மருந்து கொடுத்தேன். அவர் எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டீராய்டு மட்டும்தான் காரணம் என்று அறுக்க முடியாது என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர் சொன்னார். கொரோனாவே சர்க்கரையை ஏற்றும், ரத்தக்குழாயைப் புண்ணாக்கும், மூன்றும் சேர்ந்துதான் என்றார். நல்ல மனுஷர். உண்மையும் அதுதான். ஆனால் அந்த மூன்றில் ஒன்று என் கையில் இருந்தது.

கேரளத்தில் பெரியவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் சர்க்கரை என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்கெடுப்பு சொல்கிறது. கொரோனாவுக்கு முன்பே இந்தப் பூஞ்சை நோய் பணக்கார நாடுகளைவிட இந்தியாவில் ஏறக்குறைய 80 மடங்கு அதிகம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. நம் அப்பா அம்மாக்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். நாமோ போனில் இருக்கிறோம்.

அதனால் என் வீட்டில் இப்போது சில ஏற்பாடுகள். போன் எடுத்ததும் முதல் கேள்வி சர்க்கரை எவ்வளவு. ஸ்ட்ரிப் தீருவதற்கு முன்பே இங்கிருந்து ஆர்டர் போட்டுவிடுகிறேன். மூட்டு வலிக்கு, மூச்சிரைப்புக்கு, தோல் அரிப்புக்கு என்று எதற்கு மாத்திரை கொடுத்தாலும் அதில் ஸ்டீராய்டு உண்டா என்று அம்மா டாக்டரிடமே கேட்கிறாள். அவசியமான ஸ்டீராய்டைப் பயந்து நிறுத்துவதும் இல்லை. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, மரப்பு, மூக்கில் கறுப்பு, இரட்டையாகத் தெரிவது என்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மருந்தைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. அது அங்கே பார்க்கிற டாக்டர் வேலை. மகன் வேலை வேறு.

போன வாரமும் தொழிற்சாலையில் ஒரு தட்டில் மூடி தூக்கி வந்திருந்தது. இரண்டே நாளில் மூடியை முட்டிக்கொண்டு, பஞ்சு மேல் மிளகுப்பொடி தூவியது போல. எண்ணிக்கை 1 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று இரவு அப்பாவைக் கூப்பிட்டபோது அங்கே விடிந்திருந்தது. நல்ல மழை என்றார். மழைச் சத்தத்தில் அவர் மூக்கால் பேசுவது அவ்வளவாகத் தெரியவில்லை.

"எவ்வளவுப்பா?"

"121. போதுமாடே? இனி நீ ஒறங்கு."

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. தட்டு எண்ணுகிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஊரில் இருக்கும் டாக்டரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், வேண்டாம்.